நிக்கலும் தாமிரமும்: கடல்நீரையும் அமிலத்தையும் தாங்கும் கலவைகளின் வலிமையும் எல்லையும்

தனிம அட்டவணையில் நிக்கலும் தாமிரமும் அடுத்தடுத்த இடங்களில் இருப்பவை. நிக்கலின் அணு எண் 28. தாமிரத்தின் அணு எண் 29. இரண்டிலும் அணுக்கள் ஒரே வகைக் கனசதுர அடுக்கில் அமைந்திருக்கின்றன. அந்தக் கனசதுரத்தின் பக்க அளவில்கூட இரண்டுக்கும் இடையே இரண்டரை சதவீதம்தான் வேறுபாடு. இந்த நெருக்கத்தால் கிடைக்கும் பயன் பெரியது. எந்த விகிதத்தில் சேர்த்து உருக்கினாலும், உறையும்போது அவை பிரிந்து தனித்தனித் துகள்களாக நிற்காமல், முழுவதும் சீரான ஒரே திடக்கரைசலாக இறுகுகின்றன. பெரும்பாலான உலோக இணைகளுக்கு இது வாய்ப்பதில்லை. ஒரு கலவைக்குள் இரு வேறு வகைத் துகள்கள் பக்கம் பக்கமாக இருந்து, அதன்மேல் உப்புநீர் படிந்தால், அத்துகள்களுக்கு இடையிலேயே நுண்ணிய மின்கலங்கள் உருவாகி, அவற்றுள் வலுக்குறைந்தது கரையத் தொடங்கும். நிக்கல்-தாமிரக் கலவைக்குள் அப்படிப்பட்ட உட்பகை இல்லை.

இரண்டு உலோகங்களும் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்யவும் செய்கின்றன. தாமிரம் மின்வேதியியல் வரிசையில் ஹைட்ரஜனைவிட உயர்ந்த இடத்தில் இருப்பதால், ஆக்சிஜன் இல்லாத அமிலத்தில் அது எளிதில் கரைவதில்லை. நிக்கல் அந்த அளவுக்கு உயர்ந்த உலோகமன்று. ஆனால் அது தன் மேற்பரப்பில் மெல்லிய, இறுக்கமான ஆக்சைடு படலம் ஒன்றை உருவாக்கித் தன்னைக் காத்துக்கொள்ளும் திறன் உடையது. ஆகவே ஆக்சிஜன் குறைந்த, ஒடுக்கும் தன்மையுள்ள சூழலில் இவற்றின் கலவை தனி நிக்கலைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கிறது; ஆக்சிஜனேற்றம் செய்யும் சூழலில் தனித் தாமிரத்தைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கிறது.

விற்பனைக் கையேடுகள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டு, "அரிப்பை எதிர்க்கும் கலவை" என்ற ஒரே பெயரைக் குடும்பம் முழுமைக்கும் சூட்டிவிடுகின்றன. அந்தப் பெயர் போதாது என்பது மட்டுமல்ல, ஆலைகளில் அது ஆபத்தையும் வரவழைக்கிறது. நிக்கல் குறைந்த கலவைகளும் நிக்கல் மிகுந்த கலவைகளும் ஒரே கடல்நீரில் வேறு வேறு விதமாக நடந்துகொள்கின்றன. எந்தச் சூழலில் எது நிற்கும் என்பதைப் புரிந்துகொள்ள, இந்த இரு பிரிவுகளும் எங்கே பிரிகின்றன என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

நிக்கல் அணுவின் வெளிப்புற எலெக்ட்ரான் அடுக்குகளில் ஒன்று முழுமையாக நிரம்பாதது. நிக்கலின் காந்தத் தன்மைக்கு அந்த வெற்றிடமே காரணம். தாமிரத்தில் அந்த அடுக்கு நிரம்பியிருக்கும். நிக்கலோடு தாமிரத்தைச் சேர்க்கச் சேர்க்க, தாமிரத்தின் எலெக்ட்ரான்கள் அந்த வெற்றிடத்தை நிரப்புகின்றன; தாமிரம் ஏறக்குறைய 60 சதவீதத்தை எட்டும்போது வெற்றிடம் தீர்ந்து, காந்தத் தன்மையும் மறைந்துவிடுகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அரிப்பியல் ஆய்வில் பல பத்தாண்டுகள் ஈடுபட்டிருந்த ஹெர்பர்ட் உலிக், இதே எல்லையை அரிப்போடும் பொருத்திக் காட்டினார். நிக்கல் 30 முதல் 40 சதவீதத்துக்கு மேல் இருக்கும் கலவைகள் நிக்கலைப் போலத் தற்காப்புப் படலம் அமைத்துக்கொள்கின்றன. அதற்குக் கீழே இருப்பவை தாமிரத்தைப் போல நடந்துகொள்கின்றன. முதல் வகையின் படலம் மிக உறுதியானது. ஆனால் அது ஓரிடத்தில் உடைந்தால் அந்த இடத்தில் மட்டும் அரிப்பு ஆழமாகக் குடைந்து இறங்கும். இரண்டாவது வகையில் அரிப்பு மேற்பரப்பு முழுவதும் பரவலாக, மெதுவாக, கணித்துவிடக்கூடிய வேகத்தில் நடக்கும்; ஆழ்துளைகள் அரிதாகவே தோன்றும். ஆலையில் நாம் சந்திக்கும் வேறுபாடுகள் பலவும் இங்கிருந்துதான் கிளைக்கின்றன.

தாமிரம் மிகுந்த பிரிவை முதலில் எடுத்துக்கொள்வோம். குப்ரோநிக்கல் எனப்படும் இந்தக் கலவைகள் நமக்குப் புதியவை அல்ல. 1992 முதல் பல ஆண்டுகள் நம் கையில் புழங்கிய, தடிமனான, ஒன்பது கிராம் எடையுள்ள ஐந்து ரூபாய் நாணயம் 75 சதவீதம் தாமிரமும் 25 சதவீதம் நிக்கலும் கலந்தது. அமெரிக்காவின் ஐந்து சென்ட் நாணயம், இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சில ஆண்டுகள் நீங்கலாக, 1866 முதல் இதே விகிதத்தில் அச்சிடப்படுகிறது. அதற்கும் வெகு காலம் முன்பு, கி.மு. இரண்டாம் நூற்றாண்டில், பாக்ட்ரியாவை ஆண்ட கிரேக்க மன்னர்கள் இதே கலவையில் நாணயம் வெளியிட்டிருக்கிறார்கள். நாலில் ஒரு பங்கு நிக்கல் சேர்ந்தாலே தாமிரத்தின் சிவப்பு முற்றிலும் மறைந்து வெள்ளி நிறம் வந்துவிடுவதும், வியர்வைபட்டுப் புழங்கியும் தேயாமல் இருப்பதும் நாணயச் சாலைகளுக்கு இதைப் பிடித்தமானதாக்கின.

தொழில்துறையில் பெரிதும் பயன்படுபவை இரண்டு: பத்துப் பங்கு நிக்கல் உள்ள 90-10 கலவை, முப்பது பங்கு நிக்கல் உள்ள 70-30 கலவை. கடல்நீரைக் கொண்டு நீராவியைக் குளிர்விக்கும் கண்டென்சர் குழாய்கள், கப்பல்களின் தீயணைப்பு நீர்க் குழாய்கள், வளைகுடா நாடுகளின் வெப்பவழிக் கடல்நீர் குடிநீராக்கும் ஆலைகள் ஆகியவற்றில் இவை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடுகின்றன. கல்பாக்கத்தில் அணுமின் நிலைய வெப்பத்தைப் பயன்படுத்தி நாளொன்றுக்கு 45 இலட்சம் லிட்டர் நன்னீர் தருமாறு அமைக்கப்பட்ட பல்கட்ட ஆவியாக்க ஆலையும் அந்த வகையைச் சேர்ந்ததே. அத்தகைய ஆலைகளில் குழாயின் ஒரு பக்கம் சூடான உப்புநீரும் மறுபக்கம் நீராவியும் இருக்கும். உலோகச் சுவர் வழியே வெப்பம் தாராளமாகக் கடந்து செல்ல வேண்டும். 90-10 கலவையின் வெப்பக் கடத்துத்திறன் துருப்பிடிக்கா எஃகைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு என்பது அங்கே அதற்குக் கிடைத்த பெரிய தகுதி.

இந்தக் கலவைகளில் நிக்கலைவிடச் சிறிய அளவில், ஆனால் நிக்கலுக்கு நிகரான முக்கியத்துவத்தோடு சேர்க்கப்படும் பொருள் இரும்பு. 90-10 கலவையில் ஒன்று முதல் ஒன்றே முக்கால் சதவீதம் வரை இரும்பு இருக்கும். துருப்பிடிப்பதற்கே பேர்போன ஓர் உலோகத்தை அரிப்பைத் தடுக்கச் சேர்ப்பது முரணாகத் தோன்றலாம். கடல்நீர் பட்டதும் குழாயின் உட்புறத்தில் தாமிர ஆக்சைடு படலம் உருவாகிறது. கரைந்திருக்கும் இரும்பு அந்தப் படலத்துக்குள் புகுந்து அதை இறுக்கமாகவும், நீரோட்டத்தில் பெயர்ந்துபோகாததாகவும் ஆக்குகிறது. ஆனால் இந்தப் படலம் ஒரு நாளில் அமைந்துவிடுவதில்லை. முதற்பூச்சு சில நாட்களிலேயே தோன்றினாலும், முழுமையாக முதிர இரண்டு மூன்று மாதங்கள்கூட ஆகும். நீர் குளிர்ந்திருந்தால் இன்னும் தாமதமாகும்.

அந்த இளம்பருவத்தில் கிடைக்கும் நீர் எப்படிப்பட்டது என்பதே குழாயின் ஆயுளைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. கட்டி முடித்த கப்பலைத் துறைமுகத்தில் நிறுத்திவைத்துச் சோதிக்கும்போது, தேங்கிய, சாக்கடை கலந்த நீரே குழாய்களுக்குள் முதலில் செல்கிறது. அழுகிய பொருள்களிலிருந்து வரும் சல்ஃபைடு அந்த நீரில் இருந்தால், பழுப்பு நிறப் பாதுகாப்புப் படலத்துக்குப் பதிலாகக் கறுத்த, ஒட்டாத, உதிரக்கூடிய ஒரு படிவு தோன்றும். பிறகு எத்தனை நாள் தூய கடல்நீரில் ஓடினாலும் அந்தக் குழாய் பழைய குறையிலிருந்து எளிதில் மீள்வதில்லை. முப்பது ஆண்டு உழைத்திருக்க வேண்டிய குழாய் ஓரிரு ஆண்டில் ஒழுகுவதற்குப் பின்னால் இப்படிப்பட்ட கவனக்குறைவு இருப்பதுண்டு. முதல் சில வாரங்களுக்குத் தூய கடல்நீரையோ நன்னீரையோ சுழலவிடுவதற்கு ஆகும் செலவு, குழாயின் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லை. அதைச் செய்யாமல் விடுவதற்கு எந்த நியாயமும் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

நீரின் வேகத்துக்கும் வரம்பு உண்டு. நூறு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட குழாய்களில் 90-10 கலவைக்கு நொடிக்கு ஏறக்குறைய மூன்றரை மீட்டர், 70-30 கலவைக்கு நான்கு மீட்டர் என்பது வடிவமைப்பாளர்கள் வழக்கமாகக் கொள்ளும் எல்லை. அதற்கு மேல் போனால் நீரோட்டமே படலத்தைப் பிய்த்தெறியும். அப்படிப் பழுதான ஒரு குழாயை நெடுக்குவாட்டில் அறுத்துத் திறந்து பார்த்தால், உட்புறம் படலமின்றிப் பளிச்சென்று இருக்கும். அதில் குதிரையின் குளம்படி போன்ற பள்ளங்கள் வரிசையாகப் பதிந்திருக்கும். அந்தக் குளம்படிகள் நீர் வந்த திசையை நோக்கியே இருக்கும், குதிரை ஓட்டத்தை எதிர்த்து நடந்து சென்றதைப் போல. ஒரு வளைவுக்கு அடுத்தோ, பாதி திறந்த வால்வுக்கு அடுத்தோ, உள்ளே துருத்தி நிற்கும் கேஸ்கெட்டுக்கு அடுத்தோதான் இவை பெரும்பாலும் தோன்றும். சராசரி வேகத்தைக் கணக்கிட்டு நிம்மதியாக இருப்பவர்கள், அந்த இடங்களில் நீர் சுழன்று இருமடங்கு வேகம் கொள்வதை மறந்துவிடுகிறார்கள்.

தாமிரம் மிகுந்த இந்தப் பிரிவுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. இவற்றின் மேல் கடற்சிப்பியும் பாசியும் எளிதில் ஒட்டி வளர்வதில்லை. மெதுவாக வெளியேறும் தாமிர அயனிகளும், மேற்பரப்புப் படலம் அவ்வப்போது உதிர்வதும் உயிரினங்களை நிலைகொள்ள விடுவதில்லை. 1971-ல் கட்டப்பட்ட 'காப்பர் மரைனர்' என்ற இறால் படகின் உடற்பகுதி முழுவதும் 90-10 கலவைத் தகட்டால் ஆனது. பூச்சு அடிக்காமலேயே அதன் அடிப்பகுதி சுத்தமாக இருந்ததும், அதனால் எரிபொருள் மிச்சமானதும் பின்னர் பலரும் எடுத்துக்காட்டும் சான்றாயின. அம்மோனியாதான் இந்தப் பிரிவின் பகை. மின்நிலையங்களின் நீரில் சேர்க்கப்படும் அம்மோனியா, காற்றும் புகுந்துவிட்டால், தாமிரத்தைக் கரைத்துக் கொண்டுபோய் டர்பைன் இறக்கைகளில் படியவிடும்.

இனி நிக்கல் மிகுந்த பிரிவு. இதன் பிறப்பு கனடாவின் சட்பரி நகரோடு பிணைந்தது. 1883-ல் பசிபிக் இரயில்பாதை போடும்போது அங்கே கண்டறியப்பட்ட தாதுவில் நிக்கலும் தாமிரமும் சேர்ந்தே இருந்தன. இரண்டையும் பிரித்தெடுப்பது அக்காலத்தில் கடினமான, செலவு மிகுந்த வேலை. பிரிக்காமலேயே, தாதுவில் உள்ள விகிதத்தில், கந்தகத்தை மட்டும் நீக்கி உலோகமாக்கினால் என்ன என்ற எண்ணம் 1905-ஐ ஒட்டி இன்டர்நேஷனல் நிக்கல் நிறுவனத்தில் எழுந்தது. அங்கே பணியாற்றிய ராபர்ட் ஸ்டான்லி அந்தக் கலவையை உருவாக்கினார். நிறுவனத் தலைவர் ஆம்புரோஸ் மோனெல் பெயரில் அது மோனெல் என வழங்கலாயிற்று. 1906-ல் காப்புரிமை பெற்றது. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நிக்கல், மூன்றில் ஒரு பங்கு தாமிரம் என்ற இன்றைய விகிதம் ஆய்வகத்தில் தேடித் தேர்ந்ததன்று, தாது கொடுத்தது. 1908-ல் நியூயார்க்கின் பென்சில்வேனியா இரயில் நிலையத்தின் பரந்த கூரைக்கு மோனெல் தகடு போடப்பட்டது. முதலாம் உலகப் போருக்கும் இரண்டாம் உலகப் போருக்கும் இடையில் அமெரிக்கச் சமையலறைகளின் மேடைகளும், மருத்துவமனைகளின் தொட்டிகளும், சலவை இயந்திரங்களும் மோனெலில் வந்தன. விலை குறைந்த துருப்பிடிக்கா எஃகு பரவியதும் அந்தச் சந்தை போய்விட்டது. டிரம்பெட் இசைக்கருவியின் பிஸ்டன்களிலும் மூக்குக் கண்ணாடிச் சட்டங்களிலும் இன்றும் அது எஞ்சியிருக்கிறது.

இன்று தர எண் 400 என்று அறியப்படும் அடிப்படை மோனெலில் நிக்கல் குறைந்தது 63 சதவீதமும், தாமிரம் 28 முதல் 34 சதவீதமும், இரும்பு இரண்டரை சதவீதத்துக்கு மிகாமலும், மாங்கனீஸ் இரண்டு சதவீதத்துக்கு மிகாமலும் இருக்கும். அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 8.8 கிராம்; 1,300 முதல் 1,350 டிகிரி செல்சியசுக்குள் உருகும். ஓடும் கடல்நீரில் இதன் அரிப்பு வேகம் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரின் நாற்பதில் ஒரு பங்கைக்கூடத் தாண்டுவதில்லை. குப்ரோநிக்கலின் படலத்தைப் பெயர்த்துவிடும் வேகம் மோனெலை அசைப்பதில்லை. அதனால்தான் கடல்நீர்ப் பம்பின் ஷாஃப்ட், சுழல்தட்டு, வால்வின் தண்டு, இருக்கை ஆகிய, நீர் சீறிப் பாயும் இடங்களுக்கு அதைத் தேர்கிறார்கள். கடலடி எண்ணெய்க் கிணற்றுத் தளங்களின் எஃகுக் கால்களில், அலை அடித்து அடித்து நனைந்தும் காய்ந்தும் கிடக்கும் பட்டைப் பகுதிக்கு மோனெல் தகட்டைச் சுற்றிக் காக்கும் வழக்கம் மெக்சிகோ வளைகுடாவில் 1949-லேயே தொடங்கியது.

ஆனால் அதே கடல்நீர் தேங்கி நின்றால் நிலைமை தலைகீழாகிறது. சேறும் சிப்பியும் படிந்த இடத்தின் அடியில் ஆக்சிஜன் போய்ச் சேராது. மோனெலின் படலம் அங்கே உடைந்து ஆழ்துளைகள் விழும். குப்ரோநிக்கலைப் போல உயிரினங்களை ஒட்டவிடாமல் தடுக்கும் திறனும் இதற்குக் குறைவு. ஆக, ஓடும் நீரில் மோனெல் மேலானது. நின்ற நீரில் விலை குறைந்த குப்ரோநிக்கல் மேலானது. ஆண்டில் எட்டு மாதம் நிறுத்திவைக்கப்படும் ஒரு பம்புக்கு "மிகச் சிறந்த" உலோகத்தை வாங்கிப் போட்டுவிட்டோம் என்று எண்ணுவது எவ்வளவு தவறானது என்பது இதிலிருந்து விளங்கும்.

தனியே நிற்கும் மோனெலின் நடத்தை ஒன்று. வேறோர் உலோகத்தோடு இணைத்து உப்புநீரில் மூழ்கவைத்தால் நடப்பது வேறொன்று. 1915-ல் அமெரிக்காவில் 'சீ கால்' என்ற ஆடம்பரப் பாய்க்கப்பலின் உடற்பகுதியை மோனெல் தகட்டால் அமைத்தார்கள். சட்டங்களும் வேறு சில பாகங்களும் எஃகு. கடல்நீரில் மோனெல் உயர்ந்த உலோகம், எஃகு தாழ்ந்த உலோகம். இரண்டும் தொட்டுக்கொண்டிருக்க, கப்பல் முழுவதுமே ஒரு மின்கலமாகி எஃகுப் பாகங்கள் மிக வேகமாகக் கரைந்தன. கடலில் இறங்கிய சிறிது காலத்திலேயே கப்பலை உடைக்க வேண்டியதாயிற்று. பரப்பளவு விகிதமே இங்கே முக்கியம். பெரிய மோனெல் தகட்டில் சிறிய எஃகு போல்ட் போட்டால், தகடு முழுவதும் திரட்டும் மின்னோட்டம் அந்தச் சிறிய போல்ட்டின் வழியே வெளியேறி அதைத் தின்றுவிடும். பெரிய எஃகுப் பரப்பில் சிறிய மோனெல் போல்ட் போட்டால், எஃகில் ஏற்படும் இழப்பு பரவலாகிப் பெரும்பாலும் பொருட்படுத்தத்தக்கதாக இருக்காது.

மோனெலுக்கு மாற்றுக் காண்பது அரிதான இடம் ஹைட்ரோஃபுளூரிக் அமிலம். கண்ணாடியைக் கரைக்கும், டைட்டானியத்தை விரைந்து அழிக்கும், சாதாரணத் துருப்பிடிக்கா எஃகைக் குடையும் அந்த அமிலத்தை, காற்று கலவாதவரை, எல்லாச் செறிவுகளிலும் கொதிநிலை வரையிலும்கூட மோனெல் 400 தாங்குகிறது. மேற்பரப்பில் உண்டாகும் ஃபுளூரைடு படலமே அதன் கவசம். பெட்ரோல் சுத்திகரிப்பு ஆலைகளில், சிறு மூலக்கூறு வாயுக்களை இணைத்து உயர்தர எரிபொருளாக்கும் ஆல்கைலேற்றப் பிரிவுகளில் 1940-கள் முதல் இந்த அமிலம் வினையூக்கியாகப் பயன்படுகிறது. அங்கே குளிர்ந்த பகுதிகளுக்குச் சாதாரண எஃகே போதும். அதன்மேல் படியும் இரும்பு ஃபுளூரைடு அதைக் காக்கிறது. வெப்பம் ஏறும் இடங்களிலும், அமிலத்தை மீட்டெடுக்கும் கோபுரத்திலும், வால்வுகளின் உள்ளுறுப்புகளிலும் எஃகின் படலம் நிற்காது; அங்கே மோனெல் வருகிறது. யுரேனியம் ஹெக்சாஃபுளூரைடு தயாரிப்பிலும், ஃபுளூரின் வாயுவைக் கையாளும் குழாய்களிலும் நிக்கலும் மோனெலும் ஏறக்குறைய விதியாகவே ஆகிவிட்டன.

"காற்று கலவாதவரை" என்ற அந்த நிபந்தனையை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஈரமான ஹைட்ரஜன் ஃபுளூரைடு ஆவியோடு ஆக்சிஜனும் சேர்ந்தால், கலவையிலுள்ள தாமிரம் இருமதிப்பு ஃபுளூரைடாக மாறி, தகைவு (உலோகத்துக்குள் தங்கிய இழுவிசை) நிறைந்த பகுதிகளில், குறிப்பாக வெல்டிங் செய்த இடங்களில், மோனெலை விரிசல் விடச் செய்கிறது. வெல்டிங் முடிந்த பாகத்தை ஏறக்குறைய 540 முதல் 650 டிகிரிக்குச் சூடாக்கி உள்தகைவை நீக்குவது இதனால்தான். இந்த ஆலைகளில் ஒரு கசிவு என்பது இயந்திரச் சேதத்தோடு முடிவதன்று; அந்த அமிலத்தின் ஒரு சிறு தெறிப்பு தோலுக்குள் ஊடுருவி உடலின் கால்சியத்தைப் பிணைத்து உயிருக்கே உலை வைக்கும். பராமரிப்புக்காகப் பிரிவை நிறுத்தும்போது காற்று உள்ளே புகும் அந்தச் சில நாட்களே உலோகத்துக்கும் ஆட்களுக்கும் மிக அபாயமானவை. அதே காரணம் பிற அமிலங்களிலும் செயல்படுகிறது. நீர்த்த கந்தக அமிலத்தை மோனெல் நன்றாகத் தாங்கும். அதில் காற்றோ ஃபெரிக் உப்போ கலந்தால் தாங்காது. இன்னும் மோசமாக, கரைந்த தாமிரமே அயனியாகி ஆக்சிஜனேற்றியாக வேலைசெய்து மேலும் கரைப்பை முடுக்கிவிடும். நைட்ரிக் அமிலத்தின் அருகிலேயே இந்தக் கலவைகளைக் கொண்டுபோகக் கூடாது. பாதரசமும், உயர் வெப்பத்தில் கந்தகமும் இவற்றை நொறுங்கச் செய்யும்.

அந்த நைட்ரிக் அமிலப் பலவீனத்தையே பழைய சரக்குக் கிடங்குகளில் அடையாளச் சோதனையாகப் பயன்படுத்துவார்கள். மோனெலும் துருப்பிடிக்கா எஃகும் கலந்து கிடக்கும் குவியலிலிருந்து ஒரு துண்டை எடுத்து, ஓரத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, ஒரு சொட்டு நைட்ரிக் அமிலம் விடுவார்கள். மோனெல் என்றால் சொட்டு சற்று நுரைத்து நீலப்பச்சையாகும். அதன்மேல் சுத்தமான இரும்பு ஆணி முனையை வைத்துத் தேய்த்தால், ஆணியில் இளஞ்சிவப்பாகத் தாமிரம் படியும். துருப்பிடிக்கா எஃகில் சொட்டு அசையாமல் இருக்கும். காந்தச் சோதனை இந்த உலோகத்தில் குழப்பக்கூடியது. மோனெல் 400 காந்தத் தன்மையை இழக்கும் வெப்பநிலை அதன் சரியான கலப்பைப் பொறுத்து 21 முதல் 49 டிகிரி செல்சியஸ் வரை வேறுபடும். குளிரூட்டிய அறையில் காந்தத்தைப் பிடித்த அதே தகடு, கோடை வெயிலில் கிடந்தபின் பிடிக்காமல் போகலாம். காந்தம் ஒட்டியதா என்று பார்த்து ஏற்பதும் தள்ளுவதும் சரியல்ல. இப்போது கையடக்க எக்ஸ்-கதிர்க் கருவி சில நொடிகளில் கலப்பைச் சொல்லிவிடுவதால் அந்த முறைக்கு அவசியமும் இல்லை.

பட்டறையில் மோனெல் பொறுமையைக் கேட்கும் உலோகம். லேத்தில் வெட்டும்போது பிசுபிசுத்துக் கருவியில் ஒட்டும். கருவி வெட்டாமல் உரசினால் மேற்பரப்பு உடனே இறுகிவிடும். ஆகவே கூர்மையான கருவி, குறைந்த வேகம், தயங்காத ஆழம் வேண்டும். சிறிதளவு கந்தகம் வேண்டுமென்றே சேர்த்த ஆர்-405 என்ற வகை, இழை சுருளாமல் உடைந்து விழுவதற்காகவே உருவாக்கப்பட்டது. போல்ட், நட்டு உருவாக்கும் தானியங்கி இயந்திரங்களுக்கு அது ஏற்றது. வெல்டிங்கில் அழுக்கே முதல் எதிரி. எண்ணெய்ப் பிசுக்கு, பெயின்ட், குறியிடும் கிரேயான் ஆகியவற்றில் உள்ள கந்தகமும் ஈயமும் சூட்டில் உலோகத்துக்குள் புகும். நிக்கலும் நிக்கல் சல்ஃபைடும் சேர்ந்து ஏறக்குறைய 640 டிகிரியிலேயே உருகக்கூடியவை என்பதால், உலோகத் துகள்களின் எல்லைகள் இளகி விரிசல் ஓடும். இணைப்பின் இருபுறமும் கரைப்பான் கொண்டு துடைத்து, மேற்பரப்பின் ஆக்சைடை உரசி நீக்கிய பிறகே அனுபவமுள்ள வெல்டர் டார்ச்சைப் பற்றவைப்பார்.

மோனெல் 400-ஐ வெப்பப் பதனிட்டு வலுவேற்ற முடியாது. குளிர்நிலையில் உருட்டியும் இழுத்தும்தான் வலுவேற்ற முடியும். அந்தக் குறையைத் தீர்க்க வந்தது கே-500. அதில் அலுமினியம் இரண்டே கால் முதல் மூன்று சதவீதத்தைச் சற்றுத் தாண்டியும், டைட்டானியம் அரை சதவீதத்தை ஒட்டியும் சேர்க்கப்படுகின்றன. ஏறக்குறைய 600 டிகிரியில் பல மணிநேரம் வைத்திருந்தால், இவை நிக்கலோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத நுண்படிகங்களாகப் பிரிந்து உலோகத்தை இறுக்குகின்றன. தாங்குதிறன் இரண்டு மூன்று மடங்காகிறது. மிகக் குளிர்ந்த நிலையிலும் அது காந்தத்தால் ஈர்க்கப்படாது. எண்ணெய்க் கிணறு தோண்டும்போது திசையறியும் கருவிகளைச் சுற்றியுள்ள கனத்த குழாய்களுக்கும், கண்ணிவெடி அகற்றும் கப்பல்களின் பாகங்களுக்கும் அந்தப் பண்பே தேவை. ஆனால் கடலடியில் எஃகு கரையாதபடி அதற்கு மின்னோட்டம் தந்து காக்கும் எதிர்மின்முனைப் பாதுகாப்போடு கே-500 போல்ட்டுகள் இணைந்திருந்தபோது, மேற்பரப்பில் உண்டான ஹைட்ரஜன் உள்ளே புகுந்து, அவை முன்னறிவிப்பின்றி முறிந்திருக்கின்றன. அரிப்பைத் தடுக்கச் செய்த ஏற்பாடே முறிவுக்குக் காரணமானதால், கடினத்தன்மைக்கு உச்சவரம்பு வைத்து வாங்குவது அதன்பின் வழக்கமாயிற்று.

அணுமின் துறையிலும் மோனெலுக்கு ஒரு பங்கு இருந்தது; அது நம் கடற்கரையோடும் தொடர்புடையது. கனடாவின் டக்ளஸ் பாயிண்ட், பிக்கரிங் நிலையங்களைப் பின்பற்றி, இராஜஸ்தானிலும், பின்னர் கல்பாக்கத்தில் 1984-லும் 1986-லும் உற்பத்தியைத் தொடங்கிய சென்னை அணுமின் நிலைய அலகுகளிலும் நீராவி உற்பத்திக் கலன்களின் குழாய்கள் மோனெல் 400-ல் அமைந்தன. குழாயின் உள்ளே அணு உலையிலிருந்து வரும் சூடான கனநீர், அதாவது ஹைட்ரஜனின் கனமான வகையைக் கொண்ட நீர். வெளியே கொதிக்கும் சாதாரண நீர். கனநீர் விலை மிகுந்தது, கதிரியக்கம் ஏறியது. ஒரு குழாயில் சிறு துளை விழுந்தாலும் அது ஆலை முழுவதையும் பாதிக்கும். நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும்படி இடைவிடாமல் கட்டுப்படுத்தினால் மட்டுமே மோனெல் இந்த வேலையில் நிலைத்து நிற்கும். நரோரா நிலையம் முதற்கொண்டு இந்திய வடிவமைப்புகள் இரும்பு, நிக்கல், குரோமியம் கலந்த இன்கலாய் 800-க்கு மாறின. குரோமியம் சேர்ந்த கலவை, ஆக்சிஜன் கட்டுப்பாடு சற்றுத் தளர்ந்தாலும் பொறுத்துக்கொள்ளும் என்பது அந்த மாற்றத்தின் பின்னே உள்ள உலோகவியல் நியாயம்.

நிக்கலின் விலையும் இந்தக் கலவைகளின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறது. 2022 மார்ச் 8 அன்று இலண்டன் உலோகச் சந்தையில் ஒரு டன் நிக்கல் ஒரு இலட்சம் டாலரைத் தாண்டி, வணிகமே நிறுத்தப்பட்டது. மூன்றில் இரண்டு பங்கு நிக்கல் கொண்ட ஒரு பொருளை வாங்குபவருக்கு அந்த ஏற்ற இறக்கம் நேரடியாகப் படும். கண்டென்சர் குழாய்களில் டைட்டானியமும், கடல்நீர்ப் பம்புகளில் துருப்பிடிக்கா எஃகின் உயர்வகையான சூப்பர் டூப்ளெக்ஸ் எஃகும் பல இடங்களில் மோனெலையும் குப்ரோநிக்கலையும் அகற்றிவிட்டன. சென்னையின் குடிநீருக்காகக் கட்டப்பட்ட மீஞ்சூர், நெம்மேலி ஆலைகள், கடல்நீரை அழுத்தி ஒரு சவ்வின் வழியே வடிக்கும் எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் அமைந்தவை என்பதால் ஆயிரக்கணக்கான வெப்பக் குழாய்களுக்கு அங்கே வேலையே இல்லை. ஆனால் சூடான ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தில் டைட்டானியம் நிற்காது, டூப்ளெக்ஸ் எஃகும் நிற்காது. அழுத்தமேறிய தூய ஆக்சிஜன் பாயும் வால்வுகளில், ஒரு துகள் மோதிப் பொறி கிளம்பினால் எஃகு தீப்பற்றி எரியும். எரியும்போது வெளியிடும் வெப்பம் குறைவாக இருப்பதால் மோனெல் எளிதில் பற்றுவதில்லை. இந்த இரண்டு இடங்களிலும் கொள்முதல் செய்பவர் விலையைக் காட்டி மாற்று கேட்டால், பொறியாளர் இணங்கக் கூடாது.